பெற்ற தாய்க்கு வெளியாளா?

"பெத்த அம்மாவைப் பாக்க வெளியாளா வச்சிருக்கீங்க?" என்று சித்தி போனில் கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு அம்மா சிங்கப்பூர் யீஷூன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனை நாள்களைச் சமாளித்துவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் திண்டாட்டம். அண்ணன் பெர்த்தில், தங்கைக்கு ஷிஃப்ட் வேலை, நான் லீவுக்கு மேல் லீவு. எந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், பிசியோவுக்கு யார் கூட்டிப்போவது என்று வாட்ஸ்அப்பில் தினமும் சண்டை. பாசத்துக்கு எங்கள் வீட்டில் குறைவே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

அதற்குத்தான் கேர் மேனேஜர், அதாவது அம்மாவின் பராமரிப்பு முழுவதையும் ஒருங்கிணைத்துப் பார்க்க ஒருவரை வைத்தோம். முன்பு தாதியாக இருந்தவர். முதல் நாளே, கட்டிலிலிருந்து கழிவறைக்கு அம்மா எப்படிப் போகிறார் என்று கூடவே நடந்து பார்த்தார். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஈஸ் திட்டத்தில், முதியோர் வீட்டில் கைப்பிடி பொருத்த சிங்கப்பூரர்களுக்கு 95 விழுக்காடு வரை மானியம் உண்டென்று சொல்லி விண்ணப்பிக்க வைத்தார். அம்மா பெயரில் எல்டர்ஷீல்டு என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி இருந்ததே எங்களுக்கு ஞாபகமில்லை. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை போவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, இந்த 6இல் 3 தானாக முடியாவிட்டால் மாதாமாதம் பணம் கிடைக்கும். அதையும் அவர்தான் தேடி எடுத்துக் கொடுத்தார்.

பின்னால் தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் எல்பிஏ பத்திரத்தை அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுத வேண்டும், தவறினால் நீதிமன்றம் ஏற வேண்டிவரும் என்று அண்ணனிடம் பேசியதும் அவரே. நான் பேசியிருந்தால் அது சொத்துப் பேச்சாகியிருக்கும்.

தனியாரிடம் போனால் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. எல்லாராலும் முடியாது, தெரியும். மருத்துவமனையிலுள்ள மருத்துவ சமூக சேவையாளரையோ ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பையோ முதலில் கேளுங்கள். தனியாரிடம்தான் போகிறீர்கள் என்றால், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அந்தச் செலவை ஏற்கட்டும். கூட இருந்து பார்க்கிறவர் தன் தூக்கத்தையே விட்டுக்கொடுக்கிறாரே.

இன்னொன்று. அம்மா காலையில் சாப்பிடவே மாட்டார். மனச்சோர்வு என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். கேர் மேனேஜர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "விழறதுக்கு முன்னாடி உங்க காலைப் பொழுது எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார். குளித்து விளக்கேற்றாமல் அம்மா வாயில் பச்சைத் தண்ணீர் படாது. பணிப்பெண் குளிப்பாட்டியதோ 10 மணிக்கு. பிள்ளைகள் மூவருக்கும் தெரிந்த பழக்கம்தான், ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது 6 மணிக்கே குளியல். விளக்கு ஏற்றியதும், "இட்லி எங்கடி?" என்று அம்மாவே கேட்கிறார்.