குடம் வைத்த வரிசையும் மூன்று கடல் மைலும்

மனிதன் இயல்பிலேயே கெட்டவனா நல்லவனா என்று கேட்டுத்தான் அரசின் தோற்றத்தைப் பேச ஆரம்பிக்கிறோம். அரசு இல்லாவிட்டால் ஓயாத சண்டைதான் என்றார் ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸ், 1651இல். அர்த்தசாஸ்திரமும் அதையே மீனை வைத்துச் சொல்கிறது: பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும். பிரெஞ்சு மொழியில் எழுதிய சிந்தனையாளர் ரூசோ 1755இல் நேரெதிராக, ஒருவன் வேலி போட்டு ‘இது என்னுடையது’ என்றான், அங்கேதான் கேடு தொடங்கியது என்றார்.

கேள்வியே தப்பு என்பது என் கருத்து. வடசென்னைத் தண்டையார்பேட்டையில் தண்ணி லாரி நிற்கும் தெருவைப் பாருங்கள். லாரி வருவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும், ஆள் இருக்காது. அடுத்தவர் குடத்தை யாரும் நகர்த்தமாட்டார்கள். 9,000 லிட்டர் லாரி, 15 லிட்டர் குடம். மொத்தம் 600 குடம். அறுபது வீடு இருந்தால் வீட்டுக்குப் பத்து, சிந்துவதைக் கழித்தால் ஒன்பது. யாரும் ஒப்பந்தம் போடவில்லை, போலீசும் நிற்கவில்லை. ஒரே படகில் துடுப்புப் போடும் இருவர் சத்தியம் செய்துகொள்வதில்லை என்று ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் 1740இல் எழுதியது இதைத்தான். எனக்கு அவர்தான் நெருக்கம்.

இந்த வரிசை உடைவது எப்படி? ஒருவர் ஹோஸை நேராக 200 லிட்டர் ட்ரம்மில் விட்டால் போதும், பதிமூன்று குடம் போச்சு. கடைசி வீட்டுக்கு வெறுங்குடம். அடுத்த லாரிக்கு எல்லோரும் ட்ரம்மோடு வருவார்கள். கெட்டுப்போனதால் அல்ல, ஒழுங்காக நின்றவர் ஏமாந்ததால். ஹாப்ஸ் சொன்ன பயம் வரிசைக்கு முன்னால் இருந்ததில்லை, வரிசை உடைந்த பிறகு வருவது. தெருவில் இதைச் சரிசெய்ய ‘பின்னாடி இருக்கறவங்க குடிக்க வேணாமா?’ என்ற ஒரு குரல் போதும். நாளைக்கும் அதே முகங்களில்தானே விழிக்க வேண்டும்.

கடலில் அந்தக் குரல் செல்லாது. ராத்திரியில் ஒரு விசைப்படகு நாட்டுப்படகின் வலையை அறுத்துக்கொண்டு போனால் அந்த விசைப்படகு யாருடையது என்றே தெரியாது. ஊர்ப் பஞ்சாயத்து தன் ஊர்க்காரருக்கு அபராதம் போடலாம், வேறு துறைமுகத்துப் படகை என்ன செய்யும்? வலை இழந்தவரே தீர்ப்பும் சொன்னால் அடுத்தது படகைச் சிறைபிடிப்பதுதான். தன் வழக்குக்குத் தானே நீதிபதி ஆகக்கூடாது, அதற்குத்தான் அரசு என்று இன்னொரு ஆங்கிலேயத் தத்துவவாதி லாக் சொன்னதன் பொருள் இங்கே விளங்கும். விசைப்படகு கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்றது தமிழ்நாட்டின் 1983 சட்டம். ரோந்து இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்.

அதற்காக ஊர் வழக்கத்தைக் கோயில் கட்டிக் கும்பிடவும் முடியாது. பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ முறை, வலைபோடும் இடத்தையும் முறையையும் சண்டையில்லாமல் பிரித்துக் கொடுத்தது. ஆனால் அந்த உரிமை குறிப்பிட்ட சாதிக்காரர்களுக்கு மட்டும். ரூசோவின் வேலி அங்கே தண்ணீருக்குள் நிற்கிறது. குடம் வைக்கவே இடம் கிடைக்காதவர், எந்தப் பஞ்சாயத்தில் போய் முறையிடுவார்?