பேசுறதுக்கு எதுக்கு எம்.டி.யாம்!

ஊட்டியில நம்ம மனநல மருத்துவர்கள் கூட்டத்துல நடந்ததை முழுசா மறுபடி சொல்லப் போறதில்ல, வாட்ஸப்புல எல்லாரும் பார்த்தாச்சு. மேடையில ஒருத்தர் சொன்னது இதுதான்: "தெரபியெல்லாம் சைக்காலஜிஸ்ட் வேலை, நாம மருந்து எழுதினாப் போதும்." சொன்னவர் மூத்தவர், போகட்டும். கைதட்டினது என்கூடப் படிச்சவங்க.

சைக்கோதெரபி, அதாவது பேச்சு வழியாப் பண்ற சிகிச்சை, மனநல மருத்துவரோட வேலைதான். நெனப்பையும் பழக்கத்தையும் மாத்தப் பழக்குற சி.பி.டி. தெரபியை உருவாக்கின ஆரன் பெக் யாரு? மனநல மருத்துவர். அமெரிக்காவுல சைக்கியாட்ரி படிக்கிறவங்க தெரபியும் கத்துக்கிட்டே ஆகணும். "அது பணக்கார நாடும்மா"ம்பீங்க. 1950கள்ல அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில டாக்டர் வித்யாசாகர் நோயாளிகளோட குடும்பத்தையும் கூடாரம் போட்டுத் தங்க வெச்சு சிகிச்சையில சேர்த்துக்கிட்டாரே, அது எந்தப் பணக்கார நாடு?

நம்ம எம்.டி. சைக்கியாட்ரி படிப்பு மூணு வருஷம். தெரபி பாடத்திட்டத்துல இருக்கு. எனக்குக் கிடைச்சது லாக்புக்குல, அதான் பயிற்சிப் பதிவேட்டுல, ஒரு கையெழுத்து மட்டும்தான்.

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா (அடையாளம் மாத்தியிருக்கேன்). உச்சந்தலை எரிச்சல், தூக்கமில்ல. மஞ்சப்பையில மூணு டாக்டர் சீட்டு. மூணுலயும் அதே டிப்ரஷன் மாத்திரை, டோஸ் மட்டும் ஏறிக்கிட்டே போகுது. கறை ஏறின விரலைத் தேய்ச்சுக்கிட்டே ரொம்ப நேரம் கழிச்சுச் சொன்னாங்க: "அதைப் போட்டா தலை சுத்துது டாக்டரம்மா. கொழுந்து எடை கொறையுது, மேஸ்திரி கத்துறாரு. நான் போடுறதே இல்ல."

போடாத மாத்திரைக்கு டோஸ் ஏத்திக்கிட்டே போயிருக்கோம்!

"இது ஹிஸ்டரி எடுக்கிறது, நோயோட கதையைக் கேட்டுக்கிறது, தெரபி இல்ல"ன்னு ஒருத்தர் வருவாரு. சரி சார். அதுக்கப்புறம் மாசக்கணக்கா உக்காந்து, செத்துப்போன மகனைப் பத்தி அவங்க வாயைத் திறந்தாங்களே, அதுக்கு என்ன பேரு?

மருந்து வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. மேனியாவுல, மனசு கட்டுமீறி வேகமெடுத்து வர்றவரைப் பேசியா அடக்க முடியும்? நேரமில்லங்கிறது நியாயம்தான். ஆனா மெடிக்கல் ரெப்புக்கு மட்டும் எங்கிருந்து நேரம் வருது?

சைக்காலஜிஸ்ட் மேல எனக்கு மரியாதை உண்டு. மலையில எத்தனை பேர் இருக்காங்க? கோயம்புத்தூருக்கு அனுப்பினா ஒரு நாள் கூலி போச்சு, மேட்டுப்பாளையம் எறங்கறதுக்குள்ள வாந்தி வேற. வாராவாரம் போவாங்களா? "சைக்காலஜிஸ்ட்கிட்ட போங்க"ன்னு சீட்டுல எழுதிட்டா நம்ம வேலை முடிஞ்சுது, இல்ல?

என்னை "கவுன்சிலிங் அம்மா"ன்னு கூப்பிடுறீங்கன்னு தெரியும். அன்னிக்குக் கூட்டத்துல என் முன்னாடியே சிரிச்சீங்க. கூப்பிடுங்க. ஆனா எந்த மருந்துக்கும் கேக்கலன்னு உங்க ஓ.பி.யிலருந்து என்கிட்ட தள்ளி விடுறீங்களே, அவங்களை எதுக்கு அனுப்புறீங்க? நீங்க எழுதின அதே மாத்திரையை நானும் எழுதவா?