கொண்டபல்லி சீதாராமய்யாவை எந்தக் கணக்கில் வைப்பது?

2025 மே 21 அன்று சத்தீஸ்கரின் நாராயண்பூர் காட்டில் மாவோயிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் நம்பாலா கேசவ ராவ் கொல்லப்பட்டதும், ஆந்திர மாநிலம் குப்பத்தில் உள்ள என் நண்பர்களில் பாதிப் பேர் அவரை மாவீரன் என்றும் மீதிப் பேர் கொலைகாரன் என்றும் எழுதினார்கள். இரண்டு தரப்பும் அவர் வளர்ந்த இயக்கத்தைத் தொடங்கியவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அந்தக் கொண்டபல்லி சீதாராமய்யாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் எங்கள் ஊரில் நக்சலைட்டுகளை 'அன்னலு' என்றே சொல்வோம். அண்ணன்மார் என்று பொருள். 2003 அக்டோபர் 1 அன்று திருப்பதி அலிபிரியில், எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வும் அன்றைய முதல்வருமான சந்திரபாபு நாயுடுவின் கார் கண்ணிவெடியில் சிக்கி அவர் உயிர் தப்பியபோது, டீக்கடையில் என் மாமா ஒருவர் "இது கொண்டபல்லி ஆளுங்க வேலைதான்" என்று உறுதியாகச் சொன்னார். அவர் தொடங்கிய, பிறகு மாவோயிஸ்ட் கட்சியில் இணைந்த நக்சலைட் கட்சியான பீப்பிள்ஸ் வார் செய்த தாக்குதல் என்பது சரிதான். ஆனால் கொண்டபல்லி சீதாராமய்யா அந்தக் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அவர் இறந்தே ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அவரை வெளியே தள்ளிய பிறகும் மக்கள் வாயில் கட்சி அவர் பெயரிலேயே இருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

1914இல் கிருஷ்ணா மாவட்டத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். தெலங்கானா ஆயுதப் போராட்டக் காலத்துக் கம்யூனிஸ்ட். பின்னாளில் வாரங்கலில் ஹிந்தி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே இளைஞர்களைத் திரட்டியவர். நக்சல்பாரி இயக்கத் தலைவர் சாரு மஜும்தாரின் கட்சியில் சேர்ந்து, 1972இல் மஜும்தார் இறந்த பின் அந்தக் கட்சி துண்டு துண்டாகச் சிதறிய நாட்களில், எதிரிகளை ஒவ்வொருவராகக் கொல்லும் தனிநபர் அழித்தொழிப்பு மட்டும் போதாது, மாணவர் அமைப்பும் விவசாயிகள் சங்கமும் வேண்டும் என்று வாதிட்டார். 1980 ஏப்ரல் 22, லெனின் பிறந்த நாளில், பீப்பிள்ஸ் வார் பிறந்தது. கோதாவரியைக் கடந்து கட்சிரோலிக்கும் பஸ்தருக்கும் ஆயுதக் குழுக்களை அனுப்பியதும் அந்த ஆண்டுதான். பின்னால் நாற்பது ஆண்டுகள் அரசு துரத்திக்கொண்டிருந்த தண்டகாரண்யம் என்ற அந்த மத்திய இந்தியக் காட்டுப் பகுதியின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

1982இல் பிடிபட்டார், 1984 ஜனவரியில் ஹைதராபாத் உஸ்மானியா மருத்துவமனையிலிருந்து தப்பினார். எழுபது வயதை நெருங்கியவர் காவலர்களின் கண்ணில் மண்ணைத் தூவிய இந்தக் கதையை ரசித்துச் சொல்லாதவர்கள் ஆந்திரத்தில் குறைவு. 1987 டிசம்பரில் கிழக்கு கோதாவரியில், தஞ்சாவூர்க்காரரான எஸ்.ஆர். சங்கரன் உட்பட ஐ.ஏ.எஸ். அதிகாரிகளைக் கடத்தி வைத்துக்கொண்டு, சிறையில் இருந்த தோழர்களை விடுவிக்க வைக்கும் அளவுக்கு அவருடைய கட்சி வளர்ந்தது. தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் கொத்தடிமைகளுக்கும் ஆயுள் முழுவதும் உழைத்த சங்கரனையா கடத்துவது என்று நான் இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் சீதாராமய்யாவை அளக்க வேண்டிய இடம் மருத்துவமனைச் சுவர் அல்ல. கருத்து வேறுபட்டால் பிரிந்து போகும் உரிமையை எடுத்துக்கொண்டு கட்சி கட்டியவர், தன் கட்சிக்குள் வேறுபட்டவர்களை எப்படி நடத்தினார் என்பதே நான் கேட்கும் கேள்வி. அவரோடு சேர்ந்து கட்சியை உருவாக்கிய கே.ஜி. சத்யமூர்த்தி, சிவசாகர் என்ற பெயரில் எழுதிய தலித் கவிஞர். சீதாராமய்யா சிறையில் இருந்தபோது கட்சியின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர். கட்சிக்குள் சாதியைப் பற்றிக் கேட்ட அவர் 1980களின் நடுவில் வெளியேற்றப்பட்டார். வர்க்கத்தைப் பேசுகிறவர்களுக்குச் சாதியைப் பற்றிய கேள்வி ஏன் அவ்வளவு சுடுகிறது என்பது, தமிழ்நாட்டு இடதுசாரி நண்பர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். சில ஆண்டுகளில் அதே வழியில் சீதாராமய்யாவும் வெளியே அனுப்பப்பட்டார். முப்பால லக்ஷ்மண ராவ் என்ற கணபதி தலைமைக்கு வந்தார். தலைமறைவுக் கட்சியில் எதிர்ப்பைச் சொல்லக் கூட்டம் போட முடியாது, பத்திரிகையில் எழுத முடியாது. வெளியேற்றமோ பிளவோதான் மிஞ்சும். அந்த அமைப்பைக் கட்டியவர் அவர்தான் என்பதால் அவர் மீது எனக்குப் பரிதாபம் அதிகம் வரவில்லை.

பரிதாபம் வருவது அவருடைய மனைவி கோட்டேஸ்வரம்மாவை நினைத்தால்தான். குழந்தைப் பருவத்திலேயே விதவையான அவரை மறுமணம் செய்துகொண்டது, அந்தக் காலத்துக்கு, சீதாராமய்யாவின் துணிச்சல். அவரும் கட்சிக்காகத் தலைமறைவில் அலைந்தவர். அவரை இரண்டு பிள்ளைகளோடு விட்டுப் பிரிந்தபோது அந்தத் துணிச்சல் எங்கே போனது என்று தெரியவில்லை. முப்பது வயதுக்கு மேல் பள்ளிப் படிப்பைத் தொடர்ந்து, காக்கிநாடாவில் மாணவியர் விடுதிப் பொறுப்பாளராக வேலை பார்த்துப் பிழைத்தார். மகனை இயக்கம் கொண்டுபோனது. மகளும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு தன் வாழ்க்கையைத் தெலுங்கில் எழுதினார். நூறு வயது வாழ்ந்து 2018இல் இறந்தார்.

சீதாராமய்யாவை 1993இல் போலீஸ் சொந்த ஊரில் பிடித்தபோது அவர் நோயாளியான கிழவர். அரசு மனிதாபிமான அடிப்படையில் விட்டுவிட்டது. 2002 ஏப்ரல் 12 அன்று விஜயவாடாவில், பேத்தி வீட்டில் உயிர் பிரிந்தது. தாயை இழந்த பேத்திகளுக்கு ஆதரவாக நின்றவர் கோட்டேஸ்வரம்மா.