எட்டு வாரமும் ஒரு கேள்வித்தாளும்
கோடை விடுமுறையில் வெளிநாட்டு மாணவர்கள் எட்டு வாரம் கிராமத்தில் தங்கிப் பயிற்சி எடுத்தாலே அங்கே மாற்றம் தொடங்கிவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் நம்ப முடியவில்லை. தர்மபுரிப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, இப்படி வந்த இரண்டு பேருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். மகளிர் சுய உதவிக் குழுக்கள் பற்றி ஆய்வு. 1989-லேயே குழுக்கள் தொடங்கிய மாவட்டம் அது; அந்த அக்காக்கள் பார்க்காத கேள்வித்தாளா! 'கடன் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று வீட்டில் யார் முடிவெடுப்பது?' என்று கேட்டால் 'நாங்கதான்' என்று ஒரே குரலில் பதில் வரும். எதைச் சொன்னால் வந்தவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஏழாவது வாரம், கேள்வித்தாள் இல்லாமல் சும்மா பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஓர் அக்கா, 'கையெழுத்து மட்டும்தான் என்னுது, பணம் அவருது' என்றார். சரி, இனி கேட்கலாம் என்று பார்த்தால் இவர்கள் ஊருக்குக் கிளம்பும் நாள் வந்துவிட்டது. அப்புறம், பதில் சொல்ல உட்கார்ந்தவர்களுக்கு நூறு நாள் வேலையில் அன்றைய கூலி போனதுதான் மிச்சம். அதற்காக, அந்தக் கட்டுரைக்குப் பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருப்பதுபோல, இப்படி வருவது எல்லாமே சுற்றுலாதான் என்றும் சொல்ல மாட்டேன். அந்த இருவரில் ஒரு பெண், குழுக்களின் வரவு செலவு நோட்டுகளை எக்செல்லில் ஏற்றி, எங்கள் கணக்காளருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் வேலையை விடும்வரை அதைத்தான் பயன்படுத்தினோம். அவருடைய ஆய்வறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.