ஆண்டவர் மன்னிச்சிட்டாரு, கமிட்டி இன்னும் மன்னிக்கலயாம்

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு சபை வாசல்ல நடந்ததும், அன்னிக்கு ராத்திரி வாட்ஸ்அப் குரூப்ல வந்த அந்த "பொதுவான" மெசேஜும் எல்லாருக்கும் தெரியும், அதனால முழுக் கதையை மறுபடி சொல்லல, பேரும் போடல. தெரியாதவங்களுக்கு ஒரே வரி: குடியை விட்டுத் திருந்தின ஒரு அண்ணனை சபைக் கமிட்டிக்காரங்க வாசல்ல நிக்கவெச்சு வெக்கப்படுத்தினாங்க, தகுதியில்லாதவங்க பந்தியில, அதாவது திருவிருந்துல, சேரக்கூடாதுன்னு மெசேஜும் வந்துச்சு. "சாட்சி சொல்றது ஈஸி, செஞ்சதெல்லாம் ஊர் மறந்துடுமா"ன்னு ஒருத்தர் கேக்கறாரு, அதுக்குக் கீழ வரிசையா கைகூப்புற எமோஜி. பொறுத்துப் பார்த்தேன், முடியல.

என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அந்த அண்ணனை ஆண்டவர் மன்னிச்சாரா இல்லையா? மன்னிச்சாருன்னா நடுவுல நீங்க யாரு?

திருவிருந்து ஆராதனையில எல்லாரும் சேர்ந்துதான் பாவ அறிக்கை சொல்றோம், போதகர் ஐயர் பாவமன்னிப்பு கூறுறாரு, நாம சத்தமா ஆமென் சொல்றோம். அந்த ஆமென் எதுக்கு? நம்ம பாவத்துக்கு மட்டும் ஆமென், பக்கத்து பெஞ்ச்ல இருக்கறவன் பாவத்துக்கு "பார்க்கலாம்"ஆ?

இதைவிட எரிச்சல் எதுன்னா, அண்ணன் எனக்கு போன் பண்ணாரு. "விடு தம்பி, அவங்க சொல்றதும் சரிதானே, இனிமே நான் பந்திக்குப் போகல, பின்னாடியே உக்காந்துக்கறேன்"ங்கறாரு. குடியை விட்டு வருஷக்கணக்காச்சு, விடியறதுக்குள்ள காட்பாடி ஸ்டேஷன்ல ஆட்டோவோட நிக்கறாரு, வாங்கின கைமாத்தெல்லாம் ஒவ்வொருத்தர் வீடா தேடிப்போய் குடுத்தாரு. இன்னும் இன்னா பண்ணணும்? கடனை அடைச்சு பத்திரத்தையும் கையில வாங்கினவன் மாசாமாசம் வட்டி கட்டிக்கினே இருக்கணும்னு சொல்றீங்க, அவரும் பாவம் பாக்கெட்ல கை விடறாரு. நம்ம நெஞ்சே நம்மளைக் குத்தவாளின்னு சொன்னாலும் தேவன் நம்ம நெஞ்சைவிடப் பெரியவர்னு யோவான் எழுதியிருக்காரு, 1 யோவான் 3:20, எடுத்துப் பாருங்க. அவரோட நெஞ்சைவிடவே பெரியவர்னா கமிட்டியைவிடக் கொஞ்சமாவது பெரியவரா இருப்பாரு இல்ல?

உடனே வருவாங்க தெரியும். "அப்போ பாவம் பண்ணிட்டு ஸாரி சொன்னா போதுமா பிரதர்?" இதை அப்போஸ்தலன் பவுலே பைபிள்ல ரோமர் 6-ல கேட்டு, கூடாதேன்னு பதிலும் சொல்லிட்டாரு, நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. "அவரு பொண்டாட்டி பட்ட கஷ்டம்?" நியாயமான கேள்வி. ஆண்டவர் மன்னிச்சதால அந்த அக்காவும் மன்னிச்சே ஆகணும்னு யாரும் நெருக்க முடியாது, அது அவங்க இஷ்டம், அவங்க வேகம். ஆனா அந்தக் கேள்வியை அவங்க கேக்கட்டும். அவங்க அடிபட்ட காலத்துல ஒரு நாளும் கதவைத் தட்டாதவங்க இப்ப அவங்களுக்காக வக்கீலா வர வேணாம்.

அப்புறம் அந்தப் பிரம்மாஸ்திரம், 1 கொரிந்தியர் 11. அபாத்திரமா, அதாவது தகுதியில்லாம, பந்தியில சேரக்கூடாதுன்னு மெசேஜ்லயே போட்டிருந்தாங்க. 27-ஆம் வசனத்தை எடுத்தவங்க நாலஞ்சு வசனம் மேல போயிருக்கலாம். பவுல் அங்க யாரைத் திட்டறாரு? பழைய குடிகாரனையா? இல்லாதவங்க பசியோட நிக்கறப்ப முந்திக்கினு தின்னவங்களை! தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவங்களை வெக்கப்படுத்துறீங்களான்னு 22-ஆம் வசனத்துல கேக்கறாரு. வாசல்ல நிக்கவெச்சு ஒரு மனுஷனை வெக்கப்படுத்தினது யாருன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதின ரெண்டாவது நிருபம் 2-ஆம் அதிகாரத்துல, தண்டனை வாங்கின ஒருத்தனைப் பத்தி, போதும், அவன் அதிக துக்கத்துல அமிழ்ந்து போயிடாம மன்னிச்சு ஆறுதல் சொல்லுங்கன்னு சபைக்கு எழுதறாரு. இந்த வசனம் மட்டும் ஏன் எந்த குரூப்லயும் ஃபார்வர்டு ஆகறதில்ல?

"உனக்கு ஏன் இவ்ளோ கோவம்"னு கேப்பீங்க. எங்க ஆயா ஆரணி பக்கம் ஒரு கிராமம், அப்ப எல்லாம் ஒரே வட ஆற்காடு ஜில்லா. மூத்த பையனுக்கு ஜுரம், சாதாரண ஜுரம்னு கஷாயம் குடுத்துப் பார்த்திருக்காங்க, வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள லேட் ஆயிடுச்சு. யாரோ ஒரு சொந்தக்காரங்க "நீ நேரத்தோட பார்த்திருக்கலாம்"னு ஒரு வார்த்தை விட்டிருக்காங்க. அவ்ளோதான். அதுக்கப்புறம் ஆயா பந்திக்குப் போனதே இல்ல. அவங்க பைபிள்ல முன்பக்கம் புள்ளைங்க பொறந்த தேதியெல்லாம் தாத்தா மசியில எழுதி வெச்சிருப்பாரு, அந்த மூத்த பையனோட வரி மேல மட்டும் காலண்டர் தாளைக் கிழிச்சு சோத்துப் பசையால ஒட்டியிருந்தாங்க. சின்னப் பையனா நான் அதை நகத்தால கீறப்போய் கைமேல ஒரு அடி வாங்கினேன். அது பாவமாங்க? ஒரு தாய் ஜுரத்தைத் தப்பா கணிச்சது பாவமா? மன்னிப்பே தேவையில்லாத ஒண்ணுக்கு அவங்க சாகறவரைக்கும் மன்னிப்பு கேட்டுக்கினே இருந்தாங்க. ஏம்மா பந்திக்கு வர்லன்னு சபையில ஒருத்தரும் கேக்கல. அடக்க ஆராதனையில மட்டும் "பயபக்தியுள்ள தாயார்"னு நல்லா பேசினாங்க.

குற்ற உணர்வோட இருக்கறவன் நமக்கு சவுகரியம். கேள்வி கேக்க மாட்டான், பின்பெஞ்ச்ல உக்காருவான், சபை எலெக்‌ஷன்ல நிக்க மாட்டான். 1853-ல அமெரிக்க மிஷனரிகள் ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷன் ஆரம்பிச்ச காலத்துலயே எங்க குடும்பம் ஞானஸ்நானம் வாங்கினதுன்னு மார்தட்டறவங்கதான் இப்ப யாரு முன்னாடி வரலாம்னு லிஸ்ட் போடறாங்க. உங்க கொள்ளுத்தாத்தா என்ன தகுதியைக் காட்டி வாங்கினாரு அந்த ஞானஸ்நானத்தை?

இன்னொண்ணு சொல்லிடறேன். இயேசுவைக் காட்டிக்குடுத்த யூதாஸும் மனஸ்தாபப்பட்டான். முப்பது வெள்ளிக்காசை எடுத்துக்கினு நேரா பிரதான ஆசாரியர், மூப்பர்கிட்டதான் போனான், பாவஞ்செய்தேன்னு வாயால சொன்னான். அவங்க சொன்ன பதில் மத்தேயு 27:4. "எங்களுக்கென்ன, அது உன்பாடு." அடுத்த வசனத்துல அவன் உசிரோட இல்ல. பேதுருவும் இயேசுவைத் தெரியாதுன்னு மறுதலிச்சவன்தான், அவனுக்குக் கடற்கரையில கரிநெருப்பு போட்டு மீன் சுட்டுக் குடுத்து, என் ஆடுகளை மேய்ப்பாயாகன்னு வேலையும் குடுத்தாரு ஆண்டவர். நம்ம மூப்பர்கள் ஞாயித்துக்கிழமை இந்த ரெண்டுல எதைப் பண்ணாங்க?

இன்பாக்ஸ்ல வந்து "பிரதர், சபை பேரு கெடுது, போஸ்ட்டை எடுத்துடுங்க"ங்கறவங்களுக்கு: எடுக்க மாட்டேன். குரூப்ல இருக்கற அந்த மெசேஜை மொதல்ல எடுங்க, அண்ணன் வீட்டுக்கு நேர்ல போங்க, அப்புறம் பேசலாம்.