சொந்தக் குதிரையோடு காட்டுப்பாதையில்

வாடகைக் குதிரையில் ஒரு மணி நேரம் சென்றாலே காட்டுப்பாதைச் சவாரியின் இன்பம் முழுவதும் கிடைத்துவிடும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாமே தீனி வைத்து, உடல் தேய்த்து, குளம்பில் சிக்கிய கல்லை எடுத்து வளர்த்த குதிரை, வழிநெடுக நம்மோடு பேசிக்கொண்டே வருகிறது. புதருக்குள் ஏதேனும் அசைந்தால் என் பெண்குதிரை எனக்கு முன்பே அதை அறிந்து, இரு காதுகளையும் அத்திசைக்குத் திருப்பி, கழுத்தை விறைத்துக்கொண்டு நிற்கும். நான் கடிவாள வாரை இழுக்காமல் பிடரியருகே உள்ளங்கையை வைத்ததும், நீண்ட பெருமூச்சு விட்டு மீண்டும் நடக்கத் தொடங்கும். ஏறக்குறைய சுற்றுப்புறம் முழுவதையும் காணும் கண்கள் குதிரைக்கு உண்டென்றாலும், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் இருப்பது அதற்குத் தெரியாது. அந்தக் குறையை ஈடுசெய்வது, மேலே அமர்ந்திருப்பவர் மீது அது வைத்திருக்கும் நம்பிக்கைதான். அந்த நம்பிக்கை ஒரு மணி நேரத்தில் வருவதில்லை. மணிக்கு சுமார் 6 கிலோமீட்டர் நடையே எனக்குப் போதும் (பாய்ச்சலில் நாட்டமில்லை). ஓடைக்கரையில் இறங்கிச் சேணவாரைத் தளர்த்திவிட்டு, அது நீர் குடிக்கையில் ஒவ்வொரு மிடறுக்கும் காதுகள் முன்னும் பின்னும் அசைவதைப் பார்த்தபடி நிற்பதுதான், அந்த நாளிலேயே நான் மிகவும் விரும்பும் நேரம்.