வேண்டாமென்று சொன்னவரும் உடன் நடந்தார்

கோடைக்காலங்களில் அமெரிக்க மோர்மோன் திருச்சபையின் பதின்ம வயதினர் பத்தொன்பதாம் நூற்றாண்டு உடையணிந்து, மரக் கைவண்டிகளை இழுத்துக்கொண்டு சில நாட்கள் நடப்பது வழக்கம். மேற்கு நோக்கிப் புறப்பட்ட முன்னோரின் பாடுகளை அவர்கள் உடலால் உணர வேண்டும் என்பதே இதன் நோக்கம். அந்த மக்களின் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால், அவர்களுடைய திறமையை மறந்து துன்பத்தை மட்டும் விழாவாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

1844 ஜூனில் திருச்சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பலால் கொல்லப்பட்ட பிறகு, இல்லினாயிலிருந்த நாவூ நகரில் மோர்மோன்கள் நிம்மதியாக வாழ வழியில்லாமல் போயிற்று. 1846 பிப்ரவரியில் அவர்கள் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து வெளியேறத் தொடங்கினர். முதலில் சென்றவர்கள் அயோவாவில் கார்டன் குரோவ், மவுண்ட் பிஸ்கா ஆகிய இடங்களில் நிலத்தைத் திருத்தி, பின்னால் வருபவர்களுக்காகப் பயிரிட்டுவிட்டுப் போனார்கள். அறுவடையை உண்ணப் போகிறவர் யாரென்று அறியாமலே விதைத்த அந்தச் செயலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

1847-இல், ஸ்மித்துக்குப் பின் திருச்சபையை வழிநடத்திய பிரிகாம் யங் தலைமையில் சென்ற முன்னோடிக் குழுவிலும் இதே முன்யோசனையைக் காணலாம். வில்லியம் கிளேட்டன் ஒரு வண்டிச் சக்கரத்தில் துணியைக் கட்டி, அது 360 முறை சுற்றினால் ஒரு மைல் என்று நாள் முழுவதும் எண்ணிக்கொண்டே நடந்தார். சலித்துப்போன அவருடைய வேண்டுகோளை ஏற்று, சுற்றுகளைத் தானாகவே கணக்கிடும் மரப் பல்சக்கரக் கருவியொன்றை வழியிலேயே செய்தார்கள். அந்த அளவுகள் மறுவருடமே வழிகாட்டி நூலாக அச்சாயின. (அக்குழுவில் கிரீன் ஃபிளேக் உள்ளிட்ட மூன்று கறுப்பின அடிமைகளும் இருந்தார்கள் என்பதையும், சென்று குடியேறிய மண்ணில் யூட், ஷோஷோனி மக்கள் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் விழா மேடைகள் நெடுங்காலம் பேசவில்லை, அது தனியே எழுதப்பட வேண்டியது.)

இத்தனை கவனமாக இயங்கியவர்கள்தாம் 1856-இல் சறுக்கினார்கள். அவர்கள் குடியேறிய யூட்டாவில் வறட்சியாலும் வெட்டுக்கிளிகளாலும் பணம் வற்றியிருந்தது. ஐரோப்பாவிலிருந்து ஏழை விசுவாசிகளோ வந்துகொண்டே இருந்தார்கள். மாடுகளும் கூண்டு வண்டிகளும் வாங்கக் கட்டுப்படியாகாததால், அவர்கள் கைவண்டி இழுத்தே ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர் நடக்கட்டும் என்று யங் திட்டமிட்டார். திட்டம் தன்னளவில் மடமை என்று நான் சொல்லமாட்டேன். அவ்வாண்டின் முதல் மூன்று குழுக்கள் பெரிய இழப்பின்றிப் போய்ச் சேர்ந்தன.

வில்லி, மார்ட்டின் ஆகியோரின் தலைமையில் சென்ற கடைசி இரு குழுக்களின் கதை வேறு. கப்பல்கள் தாமதமாகப் புறப்பட்டன. அயோவா சிட்டியில் வந்து இறங்கியபோது வண்டிகள் தயாராக இல்லை. அவசரத்தில் பச்சை மரத்தால் செய்த வண்டிகள் சமவெளியின் வறண்ட காற்றில் சுருங்கி ஆட்டம் கண்டன. ஆகஸ்டில் வில்லி குழு நெப்ராஸ்காவின் ஃபுளோரன்சை அடைந்தபோது, குளிர்காலத்தை அங்கேயே கழிப்பதா, நடப்பதா என்று கூட்டத்தில் கேட்கப்பட்டது. பர்மாவில் ஊழியம் செய்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த லேவி சாவேஜ் எழுந்து, முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு இந்தப் பருவத்தில் போனால் பலர் இறப்பார்கள் என்று கண்ணீரோடு சொன்னார். ஆண்டவர் காப்பார் என்ற பதில்தான் வென்றது. அவருடைய பேச்சு விசுவாசக் குறைவாகக் கருதப்பட்டது. போவது உறுதியானதும், தானும் உடன் வந்து உதவுவதாகச் சொல்லி அவர் கிளம்பினார்.

மார்ட்டின் குழுவினர், சுமையைக் குறைப்பதற்காகப் போர்வைகளையும் உடைகளையும் வழியில் எறிந்த சில நாட்களுக்குள், அக்டோபர் 19 அன்று பனிப்புயல் தாக்கியது. வில்லி குழுவினர் 23-ஆம் தேதி ராக்கி ரிட்ஜ் மேட்டை ஏறி முடித்த பிறகு, ஒரே குழியில் 13 பேரைப் புதைத்தார்கள். அந்தக் குழியை வெட்ட உதவியவர்களில் இருவரும் பின்னர் இறந்தார்கள். இரண்டு குழுக்களிலும் சேர்ந்து 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதை விசுவாசத்தின் சோதனையென்று சொல்லும்போது, முடிவெடுத்தவர்களின் பொறுப்பு சத்தமில்லாமல் கரைந்துவிடுகிறது. தேதி தவறியதையும் மரம் பச்சையாக இருந்ததையும் எச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டதையும் ஆண்டவரின் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. செய்தி எட்டியதும், வெறும் விசுவாசம் போதாது, போய் அவர்களை மீட்டு வாருங்கள் என்று யங் உடனே வண்டிகளை அனுப்பியதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதுவும் இல்லாவிட்டால் சாவு எண்ணிக்கை பன்மடங்காகியிருக்கும். ஆனால் அதே யங், பின்னர் பழியைக் கீழுள்ள அலுவலர்கள் மீது சுமத்தியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாவேஜை இன்று திருச்சபையினரே போற்றுகிறார்கள். ஆனால் எச்சரித்ததைவிட உடன் சென்றதற்காகவே அவர் அதிகம் புகழப்படுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. கைவண்டிகள் 1860-ஆம் ஆண்டோடு நின்றன. மறுவருடத்திலிருந்து யூட்டாவின் சால்ட் லேக் நகரிலிருந்தே மாட்டு வண்டிகள் வசந்த காலத்தில் கிழக்கே சென்று, வந்திறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு, பனிக்கு முன்பே வீடு திரும்பின.